பூசைக்கு வைத்த ஸ்பானர்கள்

மக்கா,

லைசன்ஸ் காகிதத்துக்காக நீ நெய்யாற்றின்கரை போயிருக்கிற இந்தப் பகல் பொழுதில் இதை எழுதுகிறேன். முற்றத்தில் உன் லாரி நிற்கிறது. நாலு நாளாக அதைப் பார்த்துக்கொண்டேதான் அரிசி களைகிறேன், துணி உலர்த்துகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நேரில் சொன்னால் நீ சிரிப்பாய், என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போய்விடுவாய். எழுதிவைத்தால் முடிவுவரை வாசிப்பாய். கையில் எடுத்த காகிதத்தைப் பாதியில் வைக்கத் தெரியாத குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. சனிக்கிழமை நீ மலைக்குப் போகிறாய். இனி வாரத்துக்கு இரண்டு தடவை தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பழைய வண்டியில் கீழே வரப்போகிறாய். நீ ஏறுவதை நினைத்து எனக்குக் கலக்கம் இல்லை. இறங்குவதை நினைத்துத்தான்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. நீ வந்ததும் கண்ணில் படும்படி உன் வண்டியின் இருக்கைமேல் திறந்தபடியே வைப்பேன். யார் எடுத்து வாசித்தாலும் வாசிக்கட்டும். அடுத்த வீட்டுக்காரருக்குக்கூட என் மனதைத் திறந்து காட்டாதவள் நான் என்று உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்பது கடைசியில் உனக்கு விளங்கும்.

வண்டியைப் பற்றிப் பேச உனக்கு என்னம்மா தெரியும் என்று நீ கேட்கலாம். ஸ்டீயரிங்கை ஒரு நாளும் நான் பிடித்ததில்லை. ஆனால் உன் அப்பா பழைய பஸ்ஸை வாங்கியபோது அதோடு வந்த இங்கிலீஷ் கைப்புத்தகத்தை, அவர் போனபிறகு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து முறையாவது வாசித்திருப்பேன். மற்ற பெண்கள் புராணம் வாசிக்கிற மதிய நேரத்தில் நான் கியர்ப்பெட்டியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் உனக்கும் பதினைந்து வயதுதான் வித்தியாசம். நீ பள்ளிக்கூடத்தில் கற்ற காலத்தில் நானும் வீட்டில் கற்றுக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள். பயந்து பயந்து கற்றவள் எதையும் மறக்கமாட்டாள்.

முதலில் ஹாண்டில். வண்டியின் முகத்தில் செருகிச் சுற்றுகிற அந்த இரும்புக் கையைத் தொடுவதற்கு முன் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கிற தீப்பொறி லீவரை முழுக்கப் பின்னுக்குத் தள்ளினாயா என்று பார். பெருவிரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாக வை, வளைத்துப் பிடிக்காதே. கீழிருந்து மேலே இழு. மேலிருந்து கீழே ஒருபோதும் அழுத்தாதே. இன்ஜின் திருப்பி அடித்தால் இழுக்கிற கையை அது விட்டுவிடும், அழுத்துகிற கையை முறித்துவிடும். உன் அப்பா ஒரு காலையில் அவசரத்தில் அழுத்தினார். நாற்பது நாள் மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. குளத்துப் படியில் வழுக்கி விழுந்ததாக ஊரெல்லாம் சொன்னார். கட்டுப்போட்ட ஆசான் மட்டும், நம்ம குளத்துல இப்பம் கிரீஸும் மிதக்குதா பிள்ளே என்று கேட்டாராம். தன் பிழையை மறைக்க நம் வீட்டில் எல்லோருக்கும் வரும். அதில் உன் அப்பா சின்ன ஆள்தான் என்பதை இனி நீ தெரிந்துகொள்வாய்.

அடுத்தது சக்கரம். உன் லாரிக்கு மர ஆரக்கால்கள். பங்குனி வெயிலில் அவை காய்ந்து சுருங்கும், வண்டி போகும்போது முனகும். அந்த முனகலைக் கேட்டால் உடனே நின்றுவிடு. உன் அப்பாவின் வைத்தியம் சக்கரங்களைக் கழற்றிக் குளத்தில் உருட்டிவிடுவது. ஒரு நாள் முழுக்க ஊறினால் மரம் உப்பி இறுகிவிடும். மறுநாள் அவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும், பார்க்க வேண்டுமே. மூன்றாம் நாள் மறுபடி முனகும். பலமுறை நனைந்து காய்ந்த ஆரக்கால் குழிக்குள்ளேயே இற்றுப்போகும், அது வெளியே தெரியாது என்று புத்தகம் சொல்கிறது. மரச்சுத்தியால் ஒவ்வொரு ஆரக்காலையும் தட்டிப் பார். நல்லது கணீரென்று சொல்லும். தளர்ந்தது தொண்டை கட்டியவன்போலப் பேசும். தளர்ந்ததற்கு ஆசாரியைக் கூப்பிட்டு ஆப்பு வைக்கச் சொல், குளத்தை நம்பாதே.

எண்ணெய் விஷயத்திலும் நம் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிட்டுப் போ. தலைவலி முதல் கதவுக் கீல்வரை எல்லாவற்றுக்கும் இங்கே தேங்காய் எண்ணெய்தான் மருந்து. நாகர்கோவிலிலிருந்து வரவேண்டிய எண்ணெய் டின் ஒரு முறை தாமதமானபோது உன் அப்பா அச்சுக்குத் தேங்காய் எண்ணெயையே விட்டார். மார்கழிக் காலையில் அது வெண்ணெய்போல உறைந்து, ஓடவேண்டிய இடத்துக்கு ஓடாமல் நின்றது. பாறசாலையைத் தாண்டுவதற்குள் புகை. மலையில் உனக்குத் தினமும் மார்கழிக் காலைதான். டின் எண்ணெய் தீர்ந்தால் வண்டியை எடுக்காதே. தோட்டத்துத் துரை கத்தினால் கத்தட்டும். துரையின் கத்தல் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ரேடியேட்டர் கொதித்தால் மூடியைத் திறக்காதே, வண்டியை நிழலில் நிறுத்தி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார். ஓட்டை விழுந்தால் மஞ்சள்பொடியும் தவிடும் போட்டு அடைக்கச் சொல்வார்கள். ஒரு நாள் தாங்கும், மறுநாள் உள்ளே இருக்கிற நல்ல குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

இவ்வளவையும் எழுதியது பிரேக்கைப் பற்றி எழுதுவதைத் தள்ளிப்போடத்தான். இனித் தள்ள முடியாது.

இந்தக் காலத்து வண்டிக்கு நாலு சக்கரத்திலும் பிரேக் வருகிறதாம். உன் வண்டிக்குப் பின் சக்கரம் இரண்டில்தான். நீ மிதிப்பதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது வண்டியின் அடியில் ஓடுகிற ஒரு நீண்ட இரும்புத் தண்டு. அதன் நுனியில் ஒரு நட்டு. நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகி, இரண்டு காலையும் பிரித்து மடக்கிவிடுகிற சின்ன ஆணி ஒன்று. உனக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருப்பது இவ்வளவுதான். அந்த ஆணி என் கொண்டையூசியைவிடச் சிறியது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, பிரேக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள். நிறுத்தும்போது சக்கரத்துக்கு அடை வைக்க ஒரு கட்டையை எப்போதும் வண்டியில் போட்டு வை. ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னும் கீழே படுத்து அந்த ஆணியைக் கண்ணால் பார். வேட்டி அழுக்கானால் நான் துவைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நீ லாரியைச் சாலைவரை ஓட்டிவிட்டு வந்து முற்றத்தில் நிறுத்தினாய். நீ கைகால் கழுவப் போனதும் நான் மண்ணைக் குனிந்து பார்த்தேன். வலது பின் சக்கரம் மண்ணை உழுதிருந்தது. இடது சக்கரம் வெறுமனே உருண்டு வந்த தடம்தான் இருந்தது. உட்பக்கத்தில் விரல் வைத்தேன், ஈரம், எண்ணெய். இடது பிரேக் பிடிக்கவில்லை, மக்கா. வெறும் வண்டிக்கே இப்படியென்றால் பெட்டிகளை ஏற்றினபின் என்ன ஆகும்? நெய்யாற்றின்கரைப் பட்டறைக்காரர் வந்து எதையோ முறுக்கிவிட்டு, ஒண்ணும் இல்லம்மா, பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றார். அவர் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. இந்த மாதிரிப் பழைய பிரேக்கைத் திறந்து சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள் காரக்கோணத்து ஞானமுத்து மேஸ்திரிதான், அவரைக் கூப்பிடு என்று அன்று சாப்பிடும்போது சொன்னேன். நீ சோற்றிலிருந்து கையை எடுத்தாய்.

"அவன் போடாத ஆணியிலதானம்மா அப்பா போனது. அந்த ஆளு எனக்க வண்டியில கைவைக்கண்டாம்."

நான் குழம்பை ஊற்றினேன். ஒன்பது வருடமாக அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எதையாவது ஊற்றிக்கொண்டோ பெருக்கிக்கொண்டோதான் இருந்திருக்கிறேன்.

அந்த மகாநவமி அன்று நீ பெரிய மாமா வீட்டில் இருந்தாய். உனக்கு வயது பதினொன்று. முந்தின நாள் மாலையே பூசை வைத்தாயிற்று. என் புத்தகங்கள், உன் பாடப்புத்தகங்கள், அப்பாவின் ஸ்பானர்கள், நட்டும் ஆணியும் இருக்கிற தகரப் பெட்டி, அந்த இங்கிலீஷ் கைப்புத்தகம் எல்லாம் சந்தனம் தொட்டுப் பூசை அறைக்குள் போய்விட்டன. விஜயதசமி காலையில் பூசை எடுக்கும்வரை புத்தகத்தைத் திறக்கக்கூடாது, ஆயுதத்தைத் தொடக்கூடாது. பஸ்ஸை மட்டும் நாங்கள் பூசைக்கு வைக்கவில்லை. அது கதவு வழியாக உள்ளே நுழையாது என்பது எங்களுக்கு வசதியான நியாயமாக இருந்தது. நம் ஊரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் விடுவதாக அப்பா ஒரு மாதம் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். வண்டி ஓடலாம், வண்டியைப் பழுது பார்க்கிற சாமான் மட்டும் வெளியே வரக்கூடாது. இப்படி ஒரு ஏற்பாட்டை உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது செய்வார்களா என்று இப்போது யோசிக்கிறேன்.

மதியம், நம் பஸ்ஸுக்குப் பழுது பார்த்துவந்த மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்திருக்கிறார். பிரேக் தண்டின் நட்டு தளர்ந்திருந்தது, குறுக்காணி பாதி அறுந்திருந்தது. புது ஆணி தகரப் பெட்டியில். நட்டை முறுக்க வேண்டிய ஸ்பானரும் அதே அறையில். அறையின் சாவி என் இடுப்பில். அப்பா அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"அந்தச் சாவியக் கொஞ்சம் தா. ஒரு நட்டு முறுக்கணும்."

பூசை எடுக்காமல் எப்படித் தருவது, நாளைக்குக் காலையில் தருகிறேன் என்றேன்.

"ஒத்த நட்டுதான், கேட்டியா. சரஸ்வதி ஒண்ணும் நினைக்கமாட்டா."

தரமாட்டேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டு அவர் ஒரு கணம் நின்றார். பிறகு, என்னைச் சிரிக்க வைக்க நினைக்கும்போது இழுக்கிற அந்த இழுப்போடு சொன்னார்.

"செரி, இன்னும் ஒரு ராத்திரி அவ ஸ்பானரப் படிக்கட்டும். நாளைக்கு அவளே வந்து முறுக்குவா."

நான் சிரிக்கவில்லை. அவர் போனார். மேஸ்திரி நட்டைக் கையால் முறுக்கி, ஆணி இருந்த துளையில் வேலிக் கம்பி ஒன்றைச் சுற்றிக் கட்டினார். அமரவிளைப் பாலத்துக்கு இறங்குகிற இறக்கத்தில் கம்பி அறுந்தது. கீழே சந்தைக்குப் போகிற வண்டிகளும் பெண்களும். கைப்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. உன் அப்பா பஸ்ஸைச் செம்மண் மேட்டில் திருப்பி மோதினார். கல்யாண வீட்டு அம்மாள் ஒருத்திக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. ஸ்டீயரிங் அவர் நெஞ்சில் இறங்கியிருந்தது. நாலு நாள் இருந்தார். கேட்டவர்களிடமெல்லாம், ஆணி போச்சு, ஆணி போச்சு என்று மட்டும் சொன்னார். சாவி கேட்டதை ஒருவரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் ஊர் மேஸ்திரியை ஆணி போடாதவர் ஆக்கியது. அப்பா போன மூன்றாம் நாள் மேஸ்திரி நம் வாசல்வரை வந்தார். ஆண்கள் அவரைப் படி ஏற விடவில்லை. ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு வாக்கியம்தான்.

ஏன் சாவியைத் தரவில்லை என்று நீ கேட்பாய். அத்தனை வாசித்தவளுக்கு இவ்வளவு மூடபக்தியா என்று நினைப்பாய். பக்தி இல்லை, மக்கா. பயம். அதற்கு முந்தின வருட நவமியில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். ஒரு நாவல், கடைசி நாற்பது பக்கம் மிச்சம், பூசைக்குப் போய்விட்டது. எல்லோரும் கோயிலுக்குப் போன நேரம் அறையைத் திறந்து, சந்தனத்தில் விரல் படாமல் அதை எடுத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து வாசித்து முடித்தேன். அந்தச் சந்தோஷம் இப்போதும் நினைவிருக்கிறது. தை மாதத்தில் உன் தங்கை ஐந்து நாள் காய்ச்சலில் போனாள். உனக்கும் அவள் முகம் நினைவிருக்கும், ஒன்றரை வயதுதான். இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அறிவு, அது பொய், அந்த மாதம் ஊரில் எத்தனை குழந்தைகள் காய்ச்சலில் போயின என்று சொன்னது. நான் அதைக் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் அந்த முடிச்சை ஒரு வருடம் உள்ளே வைத்திருந்தேன். உன் அப்பா சாவி கேட்டபோது நான் நினைத்தது ஸ்பானரை அல்ல, உன்னை. திறந்தால் இந்த முறை நீ போய்விடுவாய் என்று நினைத்தேன். அதைச் சொல்லியிருந்தால்கூட அவர் வண்டியை நிறுத்தியிருப்பார். என்னைத் தெரியாதா அவருக்கு.

விஜயதசமி காலையில் அவரை மாட்டுவண்டியில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். போவதற்குமுன் பூசையை எடுத்துவிடு என்று யாரோ சொன்னார்கள். எடுத்தேன். ஸ்பானர்களில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து அந்தக் கைப்புத்தகத்தை வாசித்தபோது, பிரேக் அத்தியாயத்தில், குறுக்காணிக்குப் பதிலாகக் கம்பியைக் கட்டி ஒருபோதும் ஓட்டக்கூடாது என்று தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்ததைக் கண்டேன். அந்தப் பக்கம் உள்ளே இருக்க, அட்டையின் மேல் நான் சந்தனப் பொட்டு வைத்திருந்தேன்.

உனக்குச் சொல்லவேண்டியது இதுதான். பயப்படாதே என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். மலையில் நன்றாகப் பயப்படு. ஆனால் பயத்தைக் கொண்டுபோய் நட்டில் வை, ஆணியில் வை, எண்ணெய் ஒழுகுகிற சக்கரத்தில் வை. கண்ணால் பார்க்கவும் கையால் முறுக்கவும் முடிகிற இடத்தில் வை. என்னைப்போல் இருட்டறையில் பூட்டி வைக்காதே. இன்னும் இரண்டு மாதத்தில் நவராத்திரி வரும்போது நீ மலையில் இருப்பாய். பூசைக்கு வைக்கத் தோன்றினால் வை, நான் தடுக்கவில்லை. வாய் தேய்ந்து எதற்கும் உதவாத ஸ்பானர் ஒன்று எந்தப் பெட்டியிலும் இருக்கும். அதற்குச் சந்தனம் தொட்டு வை. நல்லது உன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். உனக்குப் பதிமூன்று வயதில் சந்தையில் வைத்து மேஸ்திரியின் சைக்கிள்மேல் கல் எறிந்துவிட்டு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாய். நான் உன்னைத் திட்டவில்லை. சோறு போட்டேன். நீ எறிந்தது என் கல். அவரிடம் அதன்பிறகு ஒரு வண்டிக்காரரும் போகவில்லை. பஸ்ஸும் லாரியும் பிரித்துப் போட்ட கைகள், இப்போது தையல் மிஷினும் கிணற்றுக் கப்பியும் சரிசெய்கின்றன. இதை நான் ஒட்டாமல் வைப்பது அதற்காகத்தான், ஊரும் வாசிக்கட்டும்.

நேற்றுக் காலை நீ எழுந்து வெளியே போனதும் வில்வண்டி பிடித்துக் காரக்கோணம் போனேன். அவர் வீட்டு வாசலில் ஒரு தையல் மிஷினைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்தார், மனைவியைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன், சாவி, என் வாய், ஜன்னல், கல். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் கையிலிருந்த திருப்புளியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த நட்டுக்குச் சேர்ற ஸ்பானர் இந்த வீட்லயும் ஒண்ணு கெடந்துதும்மா. எங்களுக்கு ஏது பூசை? வந்து எடுத்துட்டுத் திரும்பணுமெங்கில் போக மூணு மைலு, வர மூணு மைலு. எனக்கு மடி, சோம்பலாக்கும். கல்யாணக்காரரு அவசரப்படுத்துறாங்கன்னு ஒரு சாக்கு. கம்பியக் கட்டினேன். மொதலாளி கேட்டாரு, இது நிக்குமா ஞானமுத்துன்னு. நிக்கும்னு நான்தான் சொன்னேன்."

அவர் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளும் இதை அப்போதுதான் முதல்முறை கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

"ஊரு ஆணி போடாதவன்னு சொல்லும்பம் நான் எதிர்த்துப் பேசாதது அதுக்காக்கும். நீங்க உங்க பங்கைக் கொண்டு வந்துட்டீங்க. என் பங்கு இங்கயே கெடக்கு."

ஒரே குற்றத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒன்பது வருடம் நின்றிருக்கிறோம். பிறகு அவர் உன் லாரியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார், வைத்தியர் நோயாளியைப் பற்றிக் கேட்பதுபோல. மிதித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது, மிதி எவ்வளவு தூரம் இறங்குகிறது, சூடானபின் தோல் தீய்ந்த வாசம் வருகிறதா. மண்ணில் கண்ட தடத்தைச் சொன்னேன். அச்சின் முனையில் எண்ணெயைத் தடுக்கிற கம்பளி வளையம் போயிருக்கிறது, எண்ணெய் பிரேக் பட்டையில் இறங்குகிறது, வெளியே எத்தனை முறுக்கினாலும் பிடிக்காது, திறந்து வளையத்தையும் பட்டையையும் மாற்ற வேண்டும் என்றார். அரை நாள் வேலை. சரிசெய்யாமல் அப்படியே மலைக்குப் போனால் முதல் இறக்கம் அல்லது இரண்டாவது, அதற்குமேல் இல்லை என்றார். மூன்றாவதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

வருவீர்களா என்று கேட்டேன். வருவார். ஆனால் நான் கூப்பிட்டு வரமாட்டாராம்.

"வண்டி பிள்ளைக்குள்ளது. பிள்ளை வாயால ஒரு வாக்கு, வாரும்னு சொன்னாப் போதும். இல்லேன்னா நான் படி ஏறமாட்டேன்." பிறகு சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைக் காட்டினார். மட்கார்டில் ஒரு குழி. "உன்னம் நல்ல உன்னமாக்கும் பயலுக்கு. ஓடுற சைக்கிள்ல பட்டுதே."

எறிகிற குறியை அவர் மெச்சினார், மக்கா. நான் அங்கேதான் அழுதேன்.

நாளை வெள்ளிக்கிழமை. காலை வெயில் ஏறியதும் அவர் தன் ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு நம் வழி சாலையில் சேருகிற வளைவுவரை வருவார். அங்கே நிற்பார். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. நீ போய்க் கூப்பிடவேண்டும். என்மேல் உனக்கு என்ன வந்தாலும் வரட்டும். இன்று இரவு என்னோடு பேசாமலிருந்தாலும் சரி, மலைக்குப் போய்க் கடிதமே போடாமல் இருந்தாலும் சரி, அதற்கெல்லாம் நான் பாத்தியப்பட்டவள். கோபத்தை எல்லாம் என்மேல் வைத்துவிட்டு, கால் இரண்டையும் அந்த வளைவுக்குக் கொண்டுபோ.

சரிசெய்தபின் வெறும் வண்டியில் பார்த்தால் போதாது, பாரம் ஏற்றி, அமரவிளை இறக்கத்திலேயே இறக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார். ஆற்று மணலை எட்டுச் சாக்கில் கட்டி, தொழுவத்துக்குப் பக்கத்தில் அடுக்கச் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பிறகு நான் எந்த மோட்டார் வண்டியிலும் ஏறியதில்லை. அந்த இறக்கத்தை நடந்துகூடக் கடந்ததில்லை. ஆனால் நீ பிரேக்கை மிதிக்கும்போது சாக்குகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா